நாலு விரல் கோணல்

பல் தேய்க்கும்போது ஆண்களுக்கு வீரம் வரும். வாய் நிறைய நுரை இருப்பதால் அந்த வீரத்தை உடனே வெளியே சொல்லி மாட்டிக்கொள்ளவும் முடியாது. அந்தச் சனிக்கிழமை காலை மட்டக்காரருக்கும் அப்படித்தான் வந்தது. வேனில் எழுத்து ஒட்டுகிற வேலையை, மனைவியின் நிழல்கூட மேலே விழாமல், தான் ஒருவராகவே முடித்துவிடுவது என்று கண்ணாடிக்கு முன்னால் நின்று சபதம் எடுத்தார். பிறகு வாய் கொப்பளித்தார்.

மட்டக்காரர் என்பது தெரு வைத்த பெயர். தொழில், டைல்ஸ் ஒட்டுவது. ரசமட்டம் இல்லாமல் அவரைப் பார்த்தவர்கள் குறைவு. ஒரு முழ நீளத்தில் அலுமினியக் கட்டை, நடுவே ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய், குழாய்க்குள் பச்சைத் தண்ணீர், தண்ணீருக்குள் ஒரு குமிழி. குமிழி இரண்டு கோட்டுக்கும் நடுவில் நின்றால் உலகம் ஒழுங்காக இருக்கிறது என்று அர்த்தம். நகர்ந்தால் உலகத்தில் ஏதோ தப்பு. கட்டில், மேஜை, அலமாரி, ஒரு தடவை விருந்துக்கு வந்து அசந்து தூங்கிய மாமனாரின் நெற்றி, எல்லாவற்றிலும் அதை வைத்துப் பார்த்திருக்கிறார். மட்டமான ஆள் என்று சொன்னால் சந்தோஷப்படுகிற ஒரே மனிதர் இவர்தான் என்பார் எதிர்வீட்டுத் தபால்காரர்.

அவர் மனைவி தையல்காரி. வீட்டின் முன்னறையில் மெஷின் போட்டிருக்கிறாள். அவளிடம் இருப்பது ஒரு இஞ்ச் டேப்பும் இரண்டு கண்களும். டேப் பாதி நேரம் கழுத்தில் சும்மாதான் தொங்கும். ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "இந்தப் பக்கம் அரை விரல் தூக்குங்க" என்பாள். தூக்கினால் சரியாகிவிடும். பதினெட்டு வருடமாக மட்டக்காரருக்கு ஆறாத வயிற்றெரிச்சல் இதுதான். ஜன்னல் திரை, சுவர்க் கடிகாரம், கல்யாணப் படம் என்று எதை மாட்டினாலும் குமிழி ஒன்று சொல்லும், மனைவி ஒன்று சொல்வாள். வீட்டுக்கு வருகிறவர்கள் மனைவி பக்கம் ஓட்டுப் போட்டுவிட்டுப் போவார்கள்.

இந்தத் தடவை விஷயம் கடிகாரம் மாதிரி லேசானதில்லை. பெரிய சாலையில் ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. நாற்பது குளியலறை. அத்தனைக்கும் டைல்ஸ் ஒட்ட ஆள் தேடிக்கொண்டிருந்தார் அந்தக் கட்டடத்து என்ஜினியர். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, மாதிரி டைல்ஸோடு, சொந்த வண்டியில் வரச் சொல்லியிருந்தார். அந்த வேலை கிடைத்தால் ஒரு வருடத்துக்கு யார் வீட்டு வாசலிலும் போய் நிற்க வேண்டாம். கிடைக்காவிட்டால் மறுபடியும் உடைந்த டைலுக்கு ஒட்டுப் போடுகிற பிழைப்புதான்.

என்ஜினியரோ கோணலைக் கண்டால் ஜுரம் வருகிற மனிதர். ஒரு பெயின்டரைச் சட்டைப் பை சாய்வாகத் தைத்திருக்கிறது என்று திருப்பி அனுப்பியிருக்கிறார். துக்கம் கேட்கப் போன வீட்டில் படம் ஒரு பக்கம் இறங்கியிருப்பதைப் பார்த்து, முதலில் அதை நேராக்கிவிட்டு அப்புறம்தான் அழுதார் என்று சொல்கிறார்கள். அப்பேர்ப்பட்டவர் முன்னால், 'நேர்கோடு டைல்ஸ்' என்று எழுதிய வேன் போய் நிற்க வேண்டும். எழுத்து ஒரு நூல் சாய்ந்தாலும் நாற்பது குளியலறையும் போயிற்று.

வேன் ஒரு ரொட்டிக் கம்பெனியிடம் வாங்கிய பழைய வெள்ளை வேன். ஒரு பக்கம் முழுக்க இழுக்கிற கதவு. எழுத்துக்கு இடம் மறுபக்கம் மட்டும்தான். ஸ்டிக்கர் கடையில் எழுத்தை வெட்டச் சொல்லி, வெள்ளிக்கிழமையே மனைவி வாங்கிவந்து வைத்திருந்தாள். நீலத்தில் ஆறடி நீளச் சுருள். சனிக்கிழமை சாயங்காலம் தானே ஒட்டித் தருவதாகவும் சொல்லியிருந்தாள். அந்த 'தானே'தான் பல் தேய்க்கும்போது மட்டக்காரர் தொண்டையில் சிக்கியது. நேர்கோடு என்று பெயர் வைத்தவர் இவர். கோடு இழுப்பது அவளா?

மத்தியானம் ஒரு கல்யாணப் பெண்ணுக்கு அளவு பார்க்க அவள் கிளம்பினாள். தெருமுனை திரும்புகிற வரை காத்திருந்துவிட்டு, மட்டக்காரர் ரசமட்டத்தை எடுத்தார்.

வேலை சுத்தமாகத்தான் நடந்தது. வேனைத் துடைத்தார். சோப்புத் தண்ணீர் தெளித்தார். சுருளைப் பிரித்து, இரண்டு முனையிலும் பேப்பர் டேப் போட்டுத் தற்காலிகமாக நிறுத்தினார். கீழே ரசமட்டத்தைப் பிடித்தார். குமிழி பின்பக்கம் ஓடியது. எழுத்தின் முன்முனையைத் தூக்கினார். அப்போதும் பின்பக்கம்தான் நின்றது. இன்னும் தூக்கினார். கடைசியில் புது மாப்பிள்ளை மாதிரி அசையாமல் நடுவில் வந்து உட்கார்ந்தது. பின்தாளை உரித்து, பிளாஸ்டிக் பட்டையால் தேய்த்துத் தேய்த்து ஒட்டி, மேல்தாளையும் உரித்தெடுத்தார். ஒரு கொப்புளம் கிடையாது.

நாலடி பின்னால் வந்து பார்த்தார். தலை தானாக ஒரு பக்கம் சாய்ந்தது. மறுபடி ரசமட்டம் வைத்தார். குமிழி நடுவில். மறுபடி பின்னால் வந்தார். மறுபடி தலை சாய்ந்தது.

தபால்காரர் தன் வீட்டு வாசலிலிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் அவருக்கு இந்தத் தெருதான் தினசரிப் பத்திரிகை. மெதுவாக இறங்கி வந்தார்.

"தம்பி, எழுத்து எங்க கிளம்புது?"

"எங்கயும் கிளம்பலண்ணே. ஒட்டியாச்சு."

"மாடிப்படி ஏறுற மாதிரி இருக்கே."

"குமிழியப் பாருங்க."

தபால்காரர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "நடுவுலதான் இருக்கு."

"அப்ப?"

"அப்ப எனக்கென்ன தெரியும். குமிழிக்கும் ஒரு கண்ணாடி வாங்கிப் போடுங்க."

அவர் போனபின் மட்டக்காரர் விரல் வைத்து அளந்தார். வேனின் வயிற்றில் முன்னிருந்து பின்வரை ஒரு மடிப்புக்கோடு ஓடுகிறது. முதல் எழுத்துக்குக் கீழே, அந்தக் கோட்டுக்கும் எழுத்துக்கும் ஒரு விரல் இடைவெளி. கடைசி எழுத்துக்குக் கீழே ஐந்து விரல். நாலு விரல் வித்தியாசம். கொஞ்ச நேரம் யோசித்து, வேன் செய்த கம்பெனிக்காரனுக்குக் கோடு போடத் தெரியவில்லை என்று முடிவு செய்தார்.

ஐந்து மணிக்கு மனைவி வந்தாள். வேனைப் பார்த்தாள். தெருவைப் பார்த்தாள். தெரு போய் முடிகிற சாக்கடையைப் பார்த்தாள். கடைசியாகத்தான் புருஷனைப் பார்த்தாள்.

"நேரா இருக்கா?" என்று அவர் கேட்டார். கேட்ட தொனியில் கொஞ்சம் மிரட்டல், நிறைய கெஞ்சல்.

"நேராத்தாங்க இருக்கு."

மட்டக்காரருக்கு உச்சி குளிர்ந்தது. பதினெட்டு வருடத்தில் முதல் வெற்றி. அதை முழுசாக அனுபவிப்பதற்குள் அவள் மிச்சத்தையும் சொன்னாள். "வேன் இந்த எடத்துலயே நிக்கிற வரைக்கும்."

அவர் கையிலிருந்த ரசமட்டத்தை வாங்கி, வேனுக்குப் பக்கத்தில் தெருவிலேயே வைத்தாள். குமிழி மேட்டுப் பக்கம் ஓடிப் போய் மூலையில் ஒட்டிக்கொண்டது. தெரு, மழைத் தண்ணீர் வடிவதற்காகச் சாக்கடைப் பக்கம் சரித்துப் போட்ட தெரு. வேன் மூக்கைக் கீழே வைத்து நிற்கிறது. வேன் சாய்ந்திருக்க, எழுத்தைப் பூமிக்கு நேராக ஒட்டியாயிற்று. சமதரையில் கொண்டுபோய் நிறுத்தினால் வேன் நேராகிவிடும், எழுத்து வானத்தைப் பார்த்து ஏறும்.

"ஒரு தோள் ஏறி, ஒரு தோள் இறங்கி இருக்கிறவங்களுக்கு நான் சட்டை தைக்கலையா? தரையப் பார்த்தா தைக்கிறேன்? ஆளப் பார்த்துல்ல தைக்கிறேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

ஒட்டினதை உரித்தால் எழுத்து இழுபட்டுக் கிழியும். ஸ்டிக்கர் கடை சனிக்கிழமை மத்தியானத்தோடு மூடியாயிற்று, ஞாயிற்றுக்கிழமையும் மூடல். திங்கட்கிழமை பதினொரு மணிக்குத்தான் திறப்பான். என்ஜினியர் பத்து மணிக்கு. மட்டக்காரர் முன்னறையில், தைக்கக் கொடுத்த துணிகளுக்கு நடுவில், தானும் யாரோ தைக்கக் கொடுத்துவிட்டு மறந்துபோன துணி மாதிரி உட்கார்ந்திருந்தார்.

சாப்பிடும்போதுதான் அந்த யோசனை உதித்தது. தண்ணீர் டம்ளரை எடுத்தவர் அப்படியே சாய்த்துப் பிடித்தார். டம்ளர் சாய்ந்தது. தண்ணீர் சாயவில்லை. வேன் டம்ளர். எழுத்து தண்ணீர். வேன் இதே அளவு சாய்ந்து நின்றால் எழுத்து நேராகத் தெரியும். என்ஜினியரின் கட்டடத்து வாசலிலும் எங்கேயாவது இதே சரிவு இருக்காதா? அங்கே நிறுத்திவிட்டால்?

சொல்லி முடித்துவிட்டு மனைவியின் முகத்தைப் பார்த்தார். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே அவரைப் பார்த்தாள். "நல்ல யோசனைங்க" என்றாள். "நாளைக்கே போய் அளந்துட்டு வாங்க. அவசரமில்ல. சாப்பாட்டுக்கு வந்தாப் போதும்."

இந்த 'நல்ல யோசனைங்க' கல்யாணம் ஆன நாளிலிருந்து இதற்கு முன் இரண்டே தடவைதான் அவள் வாயிலிருந்து வந்திருக்கிறது. இரண்டு தடவையும் அது முடிந்த விதத்தை நினைத்திருந்தால் அவர் அன்றைக்கே உஷாராகியிருப்பார். நினைக்கவில்லை. பாராட்டுக்குப் பசித்த மனிதன் பந்தியில் உட்கார்ந்தபின் இலையில் என்ன விழுகிறது என்று பார்ப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை சொந்தத் தெருவின் சரிவை அளந்தார். ரசமட்டத்தைத் தரையில் வைத்து, பள்ளத்து முனைக்கு அடியில் என்னென்ன கொடுத்தால் குமிழி நடுவில் வருகிறது என்று பார்த்தார். படுக்கவைத்த ஒரு தீப்பெட்டியும் அதன்மேல் ஒரு சாவியும். ஆக, சரிவின் அளவு ஒரு தீப்பெட்டி ஒரு சாவி. இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு, ரசமட்டத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு பெரிய சாலைக்குப் போனார்.

கட்டடத்து வாசலில் முழம் முழமாக நகர்ந்து, குந்தி உட்கார்ந்து, தீப்பெட்டியை வைத்து எடுத்துக்கொண்டிருந்தவரைப் பார்த்து வாட்ச்மேன் ஓடிவந்தார். சாக்கடை ரிப்பேர் பண்ண வந்த அதிகாரி என்று நினைத்துக்கொண்டு, கொசுவைப் பற்றி அரை மணி நேரம் முறையிட்டார். மட்டக்காரர் எல்லாவற்றையும் கேட்டு, மேலிடத்தில் சொல்வதாக வாக்கும் கொடுத்துவிட்டார். பிறகு கேட்டுக்கு இடதுபக்கம், சாக்கடையை ஒட்டி, கிடைத்தது அந்த இடம். சொல்லிவைத்தாற்போல ஒரு தீப்பெட்டி, ஒரு சாவி. முன்சக்கரம் நிற்க வேண்டிய இடத்தில் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போட்டார்.

வீட்டுக்கு வந்தபோது வேனின் எழுத்துப் பக்கத்தை மனைவி ஒரு பழைய ஜன்னல் திரையால் மூடி, நாடா தைத்து, இழுத்துக் கட்டியிருந்தாள். கோணல் எழுத்தோடு ரோட்டில் போனால் நாலு பேர் பார்ப்பார்கள், அந்த இடத்தில் போய் நிறுத்தினபிறகு அவிழ்த்தால் போதும் என்றாள். மட்டக்காரர் நெகிழ்ந்துபோனார். அவர் இன்னும் யோசித்தே முடிக்காத யோசனை அது. பதினெட்டு வருடத்துக்குப் பிறகு ஒருவழியாக மனசு ஒன்றாகிவிட்டது என்று நினைத்தார். முன்னறையில் ஏன் மண்ணெண்ணெய் நாற்றம் என்று கேட்டதற்கு, மெஷின் துடைத்தேன் என்றாள். தலைமுடி உலர்த்துகிற மெஷின் ஏன் சூடாக மேஜைமேல் கிடக்கிறது என்று கேட்டதற்கு, தலை குளித்தேன் என்றாள். தலை காய்ந்துதான் இருந்தது. அதற்குத்தானே மெஷின்.

திங்கட்கிழமை காலை, ஒரு பக்கம் பாவாடை கட்டிய வேன் பெரிய சாலையில் போயிற்று. பக்கத்தில் வந்த பஸ்ஸிலிருந்து ஜன்னலுக்கு ஒரு தலையாக எட்டிப் பார்த்தார்கள். மாதிரி டைல்ஸை மடியில் வைத்துக்கொண்டு மனைவி பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். ஒன்பதே முக்காலுக்குப் பெருக்கல் குறிமேல் முன்சக்கரத்தை ஏற்றி நிறுத்தினார். அவள் இறங்கிப் போய் நாடாவை அவிழ்த்தாள்.

மட்டக்காரர் பத்தடி தள்ளி நின்று பார்த்தார். நேராக இருந்தது. நூல் பிடித்த மாதிரி இருந்தது. பார்க்கிற கண்ணே எழுத்தின்மேல் வழுக்கிக்கொண்டு போயிற்று. தீப்பெட்டிக்கும் சாவிக்கும் மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, எதற்கும் ஒரு தடவை ரசமட்டம் வைத்துப் பார்க்கலாம் என்று கையை நீட்டினார். அதற்குள் என்ஜினியர் வந்துவிட்டார்.

என்ஜினியர் வணக்கம்கூடச் சொல்லவில்லை. தலையை இந்தப் பக்கம் சாய்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தார். "எழுத்து அழகா இருக்கு" என்றார். "வண்டிய எதுக்குச் சாக்கடையில விடப் போறீங்க? உள்ள கொண்டு வாங்க. நல்ல சிமெண்டுத் தரை இருக்கு. நின்னு நிதானமாப் பார்க்கணும்."

மட்டக்காரர் வேனுக்கு முன்னால் போய் மறித்து நின்றுகொண்டார். பேட்டரி சரியில்லை என்றார். வண்டியைத் தள்ள ஆள் தருவதாக என்ஜினியர் சொன்னார். பிரேக் பிடிக்காது என்றார். பிடிக்காமல்தானா இங்கே வந்து நிறுத்தினீர்கள் என்று அவர் கேட்டார். கடைசியில், இந்த வண்டிக்குச் சிமெண்டுத் தரை ஒத்துக்கொள்ளாது என்கிற அளவுக்குப் போய்விட்டார். என்ஜினியரின் புருவம் இரண்டும் வெவ்வேறு உயரத்துக்குப் போயின. அந்தப் புருவத்தில் நாற்பது குளியலறையும் ஆடிக்கொண்டிருப்பது மட்டக்காரருக்குத் தெரிந்தது.

மனைவி கிட்டே வந்து, யார் காதிலும் விழாத குரலில், "உள்ள கொண்டு போங்க" என்றாள்.

"கோணல் தெரிஞ்சிரும்மா."

"தெரியாது. போங்க."

போனார். தூக்குமேடைக்குப் போகிறவன்கூட இவ்வளவு மெதுவாகப் போயிருக்க மாட்டான். சிமெண்டுத் தரையில் நிறுத்தி, இறங்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு வேனைச் சுற்றி வந்து, மிச்சக் கண்ணால் பார்த்தார். பிறகு மூடின கண்ணையும் திறந்தார்.

எழுத்து நேராக இருந்தது. சாய்வில் நேராக இருந்தது சமதரையிலும் நேராக இருக்கிறது. முதல் எழுத்துக்குக் கீழே மூன்று விரல். கடைசி எழுத்துக்குக் கீழேயும் மூன்று விரல். மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் ஐந்து மாடியையும் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தாள்.

என்ஜினியர் குந்தி உட்கார்ந்து பார்த்தார். சட்டைப் பையிலிருந்து நூல் எடுத்துப் பிடித்தும் பார்த்தார். எழுந்து, யார் ஒட்டியது என்று கேட்டார்.

மட்டக்காரர் வாயைத் திறந்தார். உண்மையைச் சொல்வதா, பொய்யைச் சொல்வதா என்பதைவிட, எது உண்மை என்பதே அவருக்கு அப்போது நிச்சயமாகத் தெரியவில்லை. மனைவி முந்திக்கொண்டாள். "இவர்தான் சார் ஒட்டினார். சனிக்கிழமை மத்தியானம் பூரா நின்னு ஒட்டினார்." அதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை.

"ரசமட்டம் வச்சா?" என்று என்ஜினியர் அவரிடம் கேட்டார்.

மட்டக்காரர் கையிலிருந்த ரசமட்டத்தைப் பார்த்தார். மனைவியின் பசையும் மண்ணெண்ணெயும் படிந்த நகங்களைப் பார்த்தார். "இல்ல சார்," என்றார். "ரசமட்டம் வச்சு ஒட்டினது கோணலாப் போச்சு. இது கண்ணால ஒட்டினது. என் வீட்டுக்காரி கண்ணு."

இதைச் சொன்னதும் நாற்பது குளியலறையும் கைவிட்டுப் போய்விட்டதாகவே அவர் நினைத்தார். என்ஜினியர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கிட்டே வந்து, குடும்ப ரகசியம் சொல்கிறவர் மாதிரி குரலைத் தாழ்த்தினார். இந்தக் கட்டடத்தில் ஒரு சுவரும் ஒழுங்கில்லை. பழைய கொத்தனார் செய்துவிட்டுப் போன வேலை. ஏற்கனவே மூன்று பேர் வந்தார்கள். மூன்று பேரும் ரசமட்டத்தை நம்பி ஒட்டிக் காட்டினார்கள். கோணல் சுவரில் நேர் டைல்ஸ், பார்த்தால் தலை சுற்றுகிறது. கோணலை நேராகத் தெரியவைக்கிற கண் வேண்டும். புதன்கிழமை ஆரம்பியுங்கள், முதல் வரிசையை உங்கள் வீட்டம்மா வந்து பார்த்துச் சொல்லட்டும் என்றார்.

திரும்பி வரும் வழியில் மட்டக்காரர் பக்கக் கண்ணாடியில் எழுத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு, எப்போது ஒட்டினாய் என்று கேட்டார். நீங்கள் கொசுவைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தபோது, பழையதைச் சூடு காட்டி உரித்து, மண்ணெண்ணெயில் பசையைத் துடைத்துவிட்டு என்றாள். முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்றார். சொல்லியிருந்தால் அதையும் நீங்களே ஒட்ட வந்திருப்பீர்கள் என்றாள். அவர் சிரித்துவிட்டார். அவளும் சிரித்தாள். வாசல் திரை மாதிரி அந்தப் பதினெட்டு வருடமும் லேசாக ஒரு ஆட்டம் ஆடி நின்றது. புது எழுத்து எங்கிருந்து வந்தது என்று கேட்க மட்டும் அவருக்குத் தோன்றவில்லை.

வீட்டு வாசலில் வேனை நிறுத்தினார். மாதிரி டைல்ஸை எடுத்துக்கொண்டு அவள் உள்ளே போனாள். மட்டக்காரரும் எழுத்தும் தனியாக நின்றார்கள். சும்மா ஒரு தடவை, பார்ப்பதற்கு மட்டும், ரசமட்டத்தை எழுத்துக்கு அடியில் வைத்தார். குமிழி பின்பக்கம் ஓடியது. தெரு சரிவு. அவருக்கு நன்றாகத் தெரியும். இனி மறக்கவே மாட்டார். இருந்தாலும் குமிழி நடுவில் இல்லையே. முன்பக்கம் ஒரே ஒரு நூல், யாருக்கும் தெரியாமல், லேசாகத் தூக்கிவிட்டால் என்ன? கட்டைவிரல் நகம் தானாகவே கடைசி எழுத்தின் மூலைக்குப் போயிற்று.

"ஏங்க."

கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு திரும்பினார். அவள் வாசலில் ஒரு நீலச் சுருளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"சொல்ல மறந்துட்டேன். கடையில மூணு செட் வெட்டச் சொல்லியிருந்தேன்."

"மூணா? எதுக்கு மூணு?"

"ஒண்ணு நீங்க ஒட்டறதுக்கு. ஒண்ணு நான் ஒட்டறதுக்கு."

"இது?"

"நான் ஒட்டினத நீங்க சரி பண்ணுவீங்கல்ல, அதுக்கு."